றொசல்லைத் தபாலும் சிவக்காத ரிம்மும்

“…கை ரெண்டையும் ஆண்டவன் குடுத்தது சைக்கிளப் பிடிக்கிறதுக்குடா, ஆகாசத்தப் பாத்து வீசிக் காட்டுறதுக்கில்ல. இப்ப என்னத்தக் கொண்டாந்து நிறுத்தியிருக்க? சக்கரமா, சுட்ட அப்பளமா?”

லயத்து வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று இப்படிக் கேட்டவள் என் அக்கா ராசாம்பாள். அப்பளம் என்றது பொருத்தமாகத்தான் இருந்தது.

சிலோனுக்கு வந்து அன்று இரண்டாம் நாள், வியாழக்கிழமை. துறையூரில் சோடாக் கடை வைத்திருக்கிற நான் கடலைத் தாண்டி வந்த காரணம் அக்கா மகளின் காது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் அழ வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. “மடி மட்டும் வந்தாலும் போதும், அது தனியா வராதுங்கிறதால நீயும் வா” என்று அக்கா கடுதாசி போட்டிருந்தாள்.

வட்டவளைக்கும் றொசல்லைக்கும் நடுவில் மலைமேல் இருக்கிறது அவர்கள் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அதற்கு லயம் என்று பேர். கோடையில் துறையூரில் நாங்கள் தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறோம். இங்கே தண்ணீர் மனிதனைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. “மழ எப்ப நிக்கும்?” என்று கேட்டேன். “மழ லயத்தக் கேட்டுக்கிட்டா பெய்யுது?” என்றாள் அக்கா. இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். மனிதர்கள் சொல்லும் சொல்லைப் பொறுக்குவது எனக்கு ஒரு வியாதி.

இன்னொரு ஆச்சரியம்: உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற ஊரில் குடிப்பது அதன் தூசியை. பாலும் கிடையாது, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத்தைக் குடிக்க வேண்டும். கூடவே உள்ளங்கை மொத்தத்தில் ரொட்டி, இடித்த தேங்காய்ச் சம்பல். முதல் ரொட்டியில் தாடை வலித்தது. மூன்றாவதில் பழகிவிட்டது.

சைக்கிளுக்கு வருகிறேன். அது மச்சானுடையது; அக்கா புருஷன், பெரியண்ணன் என்று பேர். முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு சின்னத் துரை, சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன ரேஸ் சைக்கிள். கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில். ஒற்றைக் கையால் தூக்கினால் கோழியைத் தூக்குகிற மாதிரி வந்தது. இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? கையை விட்டு ஓட்டுவதில் துறையூரில் எனக்கு ஒரு பேர் உண்டு என்று சொல்லிவிட்டு ஏறினேன். துறையூர் ரோடு சமதளம் என்பதைச் சொல்லவில்லை. இறக்கத்தில் முதல் திருப்பத்திலேயே முன்சக்கரம் ஒரு கல்லைச் சந்தித்தது.

மச்சான் வந்து சக்கரத்தைச் சுழற்றினார். கால் சுற்றுச் சுற்றி ஃபோர்க்கில் இடித்து நின்றது.

“பரவால்ல மாப்ள. கல்லு கெடந்துச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார்.

திட்டுகிற ஆளிடமிருந்து தப்பிவிடலாம். பரவாயில்லை என்கிற ஆளிடமிருந்து எப்படித் தப்புவது?

அக்கா என்னை உள்ளே இழுத்து விஷயத்தைச் சொன்னாள். மச்சான் தோட்டத்துத் தபால்காரர். விடியற்காலை ரயிலில் றொசல்லை ஸ்டேஷனுக்குத் துரையின் தபால் பையும், பாண் பெட்டியும் வரும். பாண் என்றால் நம் ஊர் பேக்கரி ரொட்டி. இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்று கட்டை தூரம் மலையேறி, பங்களாவில் காலைச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் சேர்க்க வேண்டும். மைலை இங்கே கட்டை என்கிறார்கள். சில வருஷம் முன்னால் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி மச்சானின் முழங்காலில் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அவரால் மலையில் நின்று வேலை செய்ய முடியாது. சைக்கிள் இருந்ததால்தான் தபால் வேலை கிடைத்தது. சமதளத்தில் அது அவருக்கு வாகனம், ஏற்றத்தில் ஊன்றுகோல்.

“கணக்கப்பிள்ளையோட தங்கச்சி மவன் புதுச் சைக்கிள் வாங்கிட்டு வாசல்லயே நிக்கிறான், எப்படா இவரு பிந்துவாருன்னு,” என்றாள் அக்கா. “நீ ஒரு கல்லத் தேடிக் கண்டுபிடிச்சு மோதிட்டு வந்திருக்க.”

மறுநாள் வெள்ளிக்கிழமை மச்சான் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தே போனார். பை வந்து சேர்ந்தபோது மணி அடித்து நெடுநேரம் ஆகியிருந்தது. துரை பாண் இல்லாமல் முட்டையை மட்டும் சாப்பிட்டாராம். முட்டை மட்டும் தின்ற துரை எப்படி இருப்பார் என்று தோட்டமே பேசிக்கொண்டது.

மத்தியானம் நாங்கள் மூவரும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் கொல்லுப்பட்டறைக்குப் போனோம். அங்கே மாணிக்க ஆசாரி, கவ்வாத்துக் கத்தி அடிப்பதில் சுற்று வட்டாரத்தில் பேர் வாங்கியவர். வெற்றிலை வாயோடு ரிம்மைப் பார்த்தார்.

“இதென்னங்க பெரிய விசயம்? வண்டிச் சக்கரத்துக்கே இரும்புப் பட்டா போட்டவன் நான். கம்பியக் கழட்டிட்டு, சூடு காட்டி, ரெண்டு தட்டு. பொறந்தப்ப இருந்த மாதிரி வந்துரும்.”

கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பால் டின்னில் பத்திரமாகப் போட்டார். மொட்டை ரிம்மை உலையில் வைத்தார். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஆசாரியாரே, இது என் சோத்துச் சட்டி நெறமால்ல இருக்கு?”

“சட்டியும் சைக்கிளும் ஒண்ணாம்மா? தள்ளி நில்லு, பொறி தெறிக்கும்.”

துருத்தி ஊத ஆள் வேண்டியிருந்தது. குற்றவாளி நான்தானே, நானே ஊதினேன். சோடாக் கடைக்காரனுக்குக் காற்று அடைக்கச் சொல்லித் தர வேண்டுமா?

“செவக்கட்டும்,” என்றார் ஆசாரி. “செவந்தாத்தான் இரும்பு. செவக்காத இரும்பும் வெக்கப்படாத மாப்பிள்ளையும் வளஞ்சு குடுக்காதும்பாங்க.”

துருத்தியை விட்டு அதைக் குறித்துக்கொள்ள முடியவில்லையே என்று எனக்கு வருத்தம். ஊதினேன். ரிம் சிவக்கவில்லை. நன்றாக ஊதச் சொன்னார். வியர்க்க வியர்க்க ஊதினேன். இந்த மலைக்கு வந்து முதல் முறையாக வியர்த்தது அப்போதுதான். ரிம் அப்படியே வெள்ளையாக, சாதுவாக இருந்தது.

“நல்ல ஜாதி இரும்புங்க. அசைய மாட்டேங்குது,” என்று மெச்சிக்கொண்டே ஆசாரி இடுக்கியால் பிடித்துத் தூக்கினார். பாதி ரிம் வந்தது. மீதி கரியின்மேல் கெட்டித் தயிர் மாதிரி சொத்தென்று விழுந்து ஓடியது.

ஆசாரி வெற்றிலையைத் துப்பவும் மறந்து நின்றார்.

“போன மாசம் என் சட்டி அடுப்புல ஓட்டையாப் போச்சு,” என்றாள் அக்கா. “அலுமினியம். அது மட்டும் செவந்துட்டா ஓட்டையாச்சு? சொன்னா, தள்ளி நில்லுங்கிறாங்க.”

அலுமினியத்தில் ரிம் செய்கிறார்கள் என்பதை அந்தச் சின்னத் துரை எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க இரும்பு சிவப்பதையே பார்த்த மனிதரை நான் எப்படிக் குறை சொல்வது? ஊதியது நான்.

அன்று மாலையே கணக்கப்பிள்ளையிடமிருந்து சொல் வந்தது. சனிக்கிழமை பிந்தினால் பொறுத்துக்கொள்வாராம், ஞாயிறு தபால் இல்லை; திங்கட்கிழமைக் காலை பை மணிக்கு முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் வேலை தங்கச்சி மகனுக்கு. மச்சான் முள்ளுக் குத்தப் போகலாம். முள்ளு என்பது மண்ணைக் கிளறுகிற இரும்புக் கவை. மலைச் சரிவில் நாள் முழுக்க முழங்காலை ஊன்றி அதைக் குத்த வேண்டும்.

மச்சான் அந்தக் காலை நீட்டித் தேய்த்துக்கொண்டு, “பாத்துக்கலாம் மாப்ள, சம்பல் இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க,” என்றார்.

சனிக்கிழமை நான் ஹட்டனுக்குப் புறப்பட்டேன், புது ரிம் வாங்க. அளவுக்கு என்ன செய்வது? பழையதுதான் தயிராகிவிட்டதே. பின்சக்கரம் நன்றாக இருந்தது. அதன் ரிம்மைச் சுற்றி நூல் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கம்பி எத்தனை என்று மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் நாற்பது. ஒரே ஒரு வேலையை நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்தது அன்றுதான்.

பஸ் மேகத்துக்குள் போயிற்று. நம் ஊரில் பஸ் புழுதியில் மறையும். இங்கே பஞ்சில் மறைகிறது. பாதி வழியில் என்ஜின் கொதித்து நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் மூட்டையோடு இருந்த சிங்களப் பெரியவர் அரைகுறைத் தமிழில் எனக்கு விளக்கினார்: “டிக்கெட் வாங்கினது ஏறிப் போறதுக்கு இல்ல, தள்ளுறதுக்காம்.” எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பெரியவர் மட்டும் மூட்டையோடு உள்ளேயே இருந்தார். கேட்டதற்கு, “நான் போனா லீக்ஸ் தனியா இருக்கும்,” என்றார். நான் அவர் பங்கையும் சேர்த்துத் தள்ளினேன்.

ஹட்டன் பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை கேட்டேன். சட்னி வரும் என்று பார்த்தால் சிவப்பாகக் கட்டைச் சம்பல் வந்தது. ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் கொட்டிற்று. பரிமாறினவர், “ஊரு ஞாபகமா ஐயா?” என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மிளகாய் என்று சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும்.

சைக்கிள் கடை முதலாளிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். நூலை ரிம்மில் சுற்றிப் பார்த்தார். அளவு கச்சிதம்.

“முன்னுக்கா, பின்னுக்கா?”

“முன்னுக்கு. நாப்பது ஓட்டை.”

“முன்னுக்கு நாப்பதா? நல்லா எண்ணினீங்களா?”

“மூணு தடவை,” என்றேன் கர்வத்தோடு. எண்ணியது பின்சக்கரத்தை என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே சைக்கிளின் பிள்ளைகள். ஒன்றுக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு ஒரு நியாயமா இருக்கப் போகிறது?

“நான் கேட்டுட்டேன். கேட்ட கடைக்காரன் மேல பாவமில்ல,” என்று காகிதம் சுற்றிக் கொடுத்தார். நல்ல சொல்லாக இருக்கிறதே என்று குறித்துக்கொண்டேனே தவிர, எனக்குத்தான் சொன்னார் என்று புரிந்துகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காது குத்து. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து முறைப்படி அழுதது. முறைக்கு மேலும் கொஞ்சம் அழுதது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாணிக்க ஆசாரி மட்டும் இலையைத் தள்ளி வைத்தார். சக்கரத்தை முடிக்காமல் சோறு இறங்காது என்றார். பால் டின்னைக் கவிழ்த்துக் கம்பிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“முப்பத்திரண்டுதான் இருக்கு. உங்க ரிம்முல நாப்பது ஓட்ட. முன்சக்கரத்துக்குப் பாரம் கம்மி, கம்பியும் கம்மியாத்தானே போடுவாங்க?”

பந்தியே என் பக்கம் திரும்பியது.

“எட்டு ஓட்டை உபரியா வாங்கியாந்திருக்கான் எந்தம்பி,” என்றாள் அக்கா. “காது குத்துற வீட்டுல ஓட்டைக்கா பஞ்சம்?”

பந்தி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மச்சான்கூடச் சிரித்தார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஹட்டன் கடை அன்று மூடியிருக்கும். ஆசாரி ரிம்மை மடியில் போட்டு உருட்டி உருட்டி யோசித்தார். பிறகு நான்கு ஓட்டைக்குக் கம்பி கோத்து, ஐந்தாவதை விட்டுவிட்டு, அடுத்த நான்குக்குக் கோத்தார். வெள்ளிக்கிழமை உலையடியில் தலைகுனிந்து நின்ற மனிதர் இவர்தானா என்று இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு ஃபோர்க்கின் பக்கமாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். கோணல் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு ஒட்டும். அங்கே ஒரு கம்பியை முறுக்குவார். எதிர்ப்பக்கம் ஒட்டும், அங்கே ஒன்றைத் தளர்த்துவார். இருட்டுவதற்குள் சக்கரம் சுற்றியது. கொஞ்சம் தலையாட்டிக்கொண்டுதான், ஆனால் சுற்றியது.

“நாளைக்கு ஒரு நாள் தாங்கினாப் போதும், அப்பறம் ரிம்ம மாத்திக்கலாம்,” என்றார் மச்சானிடம். “எறக்கத்துல பிரேக்க அழுத்தாதீங்க. பள்ளத்துல விடாதீங்க.”

“பள்ளத்துல விடாம இந்த ரோட்டுல போகணும்னா பறக்கத்தான் வேணும்,” என்றாள் அக்கா. அதற்குப் பிறகே ஆசாரி சாப்பிட்டார்.

திங்கட்கிழமை. அக்கா கொழுந்து பறிக்கும் கூட்டத்தோடு பங்களாவுக்குக் கீழே இருக்கும் சரிவில் நிரை பிடித்திருந்தாள்; நிரை என்பது ஆளுக்கு ஒதுக்கிய செடி வரிசை. நான் அதற்கும் கீழே, ரோட்டுத் திருப்பத்தில் நின்றேன். அங்கிருந்து பங்களாவுக்கு ரோடு இரண்டு முறை வளைந்து சுற்றிப் போகிறது. மேலே கேட்டருகில் கணக்கப்பிள்ளை. பக்கத்தில் தங்கச்சி மகன், புதுச் சைக்கிளின் மணியை அவ்வப்போது அடித்துப் பார்த்துக்கொண்டு. வேறு வேலை இல்லை அவனுக்கு.

மூடுபனிக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது. டக், டக், டக். பிறகு மச்சான் வந்தார், சைக்கிள்மேலேயே! பெண்கள் மேலிருந்து குலவை போட்டார்கள். திருப்பத்தில் ஒரு பள்ளம். சக்கரம் இறங்கி ஏறியது. டக் டக் நின்றது. சைக்கிளும் நின்றது. நான்கைந்து கம்பி தளர்ந்து, ரிம் ஃபோர்க்கில் ஒட்டிக்கொண்டு, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

மேலே வராந்தாவில் பங்களா அப்பு, அதாவது சமையல்காரன், வெள்ளைத் துண்டால் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மச்சான் பையைத் தோளில் போட்டு ஓர் எட்டு வைத்தார். முழங்கால் மடங்கியது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “குடுங்க மச்சான்!” என்று பையையும் பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு நான் தேயிலைக்குள் பாய்ந்தேன். ரோடு சுற்றினால்தானே தூரம், நேராக ஏறினால் எத்தனை கிட்டம் என்று கணக்குப் போட்டேன். செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் போவதற்குக் கான் வெட்டியிருப்பார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. மூன்றாவது எட்டில் இடுப்புவரை கானுக்குள் நின்றேன், பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.

“ஐயோ, சோடாக்காரரு எறங்கிட்டாருடி!” என்று மேலே ஒரு குரல். சரிவு முழுவதும் சிரிப்பு.

சிரிக்காமல் இறங்கி வந்தவள் அக்கா ஒருத்திதான். என் தலைக்கு மேலே வந்து நின்றாள்.

“தம்பி கான்ல நிக்கிறான், புருசன் ரோட்டுல நிக்கிறாரு. நல்லா நிக்கிதுடி என் குடும்பம். குடுறா இங்க!”

கூடையில் இருந்த கொழுந்தை ஓரமாக ஒதுக்கிப் பையை உள்ளே இறக்கினாள். அதன்மேல் பாண் பெட்டி. கூடைக் கயிற்றை நெற்றிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள். எந்தச் செடியின் பக்கத்தில் கால் வைக்க வேண்டும், எந்தக் கானை எங்கே தாண்ட வேண்டும் என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. நேர் கோடாக ஏறினாள்.

“ஏ ராசாம்பா! நெரைய விட்டுட்டு எங்க போற?” என்று கங்காணி கத்தினார்.

“தொரை வீட்டுக்கு விருந்துக்கு, கங்காணியாரே! நீங்களும் வாங்க!”

நான் கானைவிட்டு ஏறி, நாலு காலால் தவழ்ந்து பங்களா வேலிக்கு வந்தபோது, அவள் வராந்தாப் படியில் பையை வைத்துவிட்டாள். “தப்பால்!” என்று மச்சான் கூப்பிடுகிற அதே தொனியில் ஒரு கூப்பாடு. அப்பு மணியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.

கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். “வேல ஒனக்கா, ஒம் புருசனுக்கா?”

“பை மணிக்கு முன்னாடி வரணும்னு சொல்லி விட்டீங்க ஐயா. யாரு தலையில வரணும்னு சொல்லலியே?”

துரை வெளியே வந்தார். மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பையை. குனிந்து பாண் பெட்டியைத் தானே திறந்து மோந்து பார்த்தார். “தப்பால் வந்தாச்சு. சரி. பெரியண்ணன் நாளைக்கும் வரட்டும்,” என்று தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பு மணியை அடித்தான். கேட்டருகில் சைக்கிள் மணிச் சத்தம் நின்றுபோனது.

அக்கா என் பக்கமும் திரும்பவில்லை, கீழே ரோட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சான் பக்கமும் திரும்பவில்லை. தபால் பையில் ஒட்டியிருந்த இரண்டு கொழுந்தை விரலால் கிள்ளியெடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, தன் நிரைக்கு இறங்கிப் போனாள்.